உடையின் காலமும் உரையின் காலமும்: மாக்பெத் நாடகத்தின் மேடை வரலாறும் இந்திய மொழிபெயர்ப்புகளும்

மாக்பெத் என்னும் அரசன் ஸ்காட்லாந்தை 1040 முதல் 1057 வரை ஆண்டான். ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பில் அவனைப் பற்றிக் கிடைத்த செய்திகளைக் கொண்டு ஷேக்ஸ்பியர் ஏறத்தாழ 1606இல் ஒரு துன்பியல் நாடகம் இயற்றினார். அந்நாடகம் 1623இல்தான் அச்சேறியது. ஆகவே கதை நிகழ்ந்த காலம், நாடகம் எழுதப்பட்ட காலம், நடிக்கப்படும் காலம் என மூன்று காலங்கள் இந்நாடகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. இவற்றுள் எக்காலத்துக்குரிய உடையை நடிகர் அணிவது என்னும் வினா ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக மேடையில் எழுப்பப்பட்டு வருகின்றது. எக்காலத்துக்குரிய மொழியை அவர் பேசுவது என்பது இதனோடு பிறந்த மற்றொரு வினா. ஆங்கில மேடையில் இவ்விரண்டாம் வினா பெரும்பாலும் எழுவதில்லை. மொழிபெயர்ப்பில் அது எழாமல் இருக்க வழியில்லை. இந்திய மொழிகளில் மாக்பெத் அடைந்த வடிவங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவன.

ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் கதைக்கால உடையைப் பற்றிப் பெரிதும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ் நாடகக் காட்சி ஒன்றைக் காட்டும் பழைய கோட்டோவியம் லாங்லீட் மாளிகையில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதில் தலைவன் உரோமானியர் போன்ற போர்வையும், உடன் நிற்கும் காவலர் எலிசபெத் காலத்துச் சிப்பாய் உடையும் அணிந்துள்ளனர். ஒரே காட்சிக்குள் இரு காலங்கள் நிற்பது அன்றைய பார்வையாளருக்கு உறுத்தவில்லை போலும். மாக்பெத் நாடகத்தின் மொழியும் அவ்வாறே அமைந்தது. 11ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் வாயில்காப்போன் குடிமயக்கத்தில் பேசும் பேச்சில், 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதியை ஒட்டி நடந்த வழக்குகளில் அடிபட்ட இரட்டுறப் பேச்சு பற்றிய கேலி இடம்பெறுகின்றது. தற்கால உடையில் நடிப்பது ஷேக்ஸ்பியருக்கு இழைக்கும் பிழை என்று பின்னாளில் வாதிட்டோர் இந்த வாயில்காப்போனைக் கருத்தில் கொள்ளவில்லை.

ஆங்கில மேடையில் உடை மாறிய வரலாறு

நாடகத்தின் மொழியை முதலில் மாற்றியவர்கள் ஆங்கிலேயரே என்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. வில்லியம் டேவனன்ட் 1664இல் மேடையேற்றிய மாக்பெத்தில் சூனியக்காரிகள் பாடினர், பறந்தனர். அதனினும் முக்கியமானது, உவமைச் செறிவு மிக்க இடங்களை அவர் தம் காலத்துத் தெளிவான நடைக்கு மாற்றி எழுதியதாகும். கையில் படிந்த குருதி கடலையே சிவப்பாக்கிவிடும் என மாக்பெத் அஞ்சும் புகழ்பெற்ற இடத்தில், மூலத்தில் உள்ள நெடிய இலத்தீன் வழிச் சொற்களை நீக்கி எளிய தொடர் ஒன்றை அமைத்தார். ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பு என்றே இதனைக் கூறலாம். எண்பது ஆண்டுகள் மேடையில் இருந்தது இவ்வடிவமே.

1744இல் டேவிட் காரிக், ஷேக்ஸ்பியர் எழுதியவாறே நடிப்பதாக அறிவித்து மூலத்தின் பெரும்பகுதியை மீட்டார். ஆயினும் வாயில்காப்போனின் பேச்சுக்கு இடந்தரவில்லை. தாம் நடித்த மாக்பெத் சாகும்போது பேசுவதற்கென ஓர் உரையையும் தாமே எழுதிச் சேர்த்தார். அவரும் பிரிச்சர்ட் அம்மையாரும் கொலைக்குப் பின் குத்துவாள்களுடன் நிற்கும் காட்சியை யோஹான் சோஃபனி ஓவியமாகத் தீட்டியுள்ளார். அதில் மாக்பெத் அணிந்திருப்பது 18ஆம் நூற்றாண்டுக் கனவானின் மேலங்கி. சீமாட்டி அணிந்திருப்பது அகன்று விரிந்த அக்காலத்துப் பாவாடை. இன்றைய கண்ணுக்கு அது பழங்கால உடையாகத் தோன்றுகின்றது. அன்றைய பார்வையாளருக்கோ அது தம் வீட்டு உடை.

1773இல் சார்லஸ் மாக்ளின் ஸ்காட்லாந்து உடையில் மாக்பெத்தாகத் தோன்றினார். கதை நிகழும் நாட்டின் உடை வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது. 1823இல் பிளாஞ்சே என்பார் ஜான் மன்னன் நாடகத்துக்குப் பழைய கல்லறைச் சிற்பங்கள், முத்திரைகள் முதலியவற்றை ஆராய்ந்து உடை வகுத்தார். 1853இல் சார்லஸ் கீன் மாக்பெத்தை 11ஆம் நூற்றாண்டுக்குரியதாகக் காட்ட முயன்று, தம் முடிவுகளுக்கு ஆதாரமான நூற்செய்திகளைப் பார்வையாளருக்கு விளக்கி எழுதினார். தொல்பொருள் ஆராய்ச்சி மேடையேறிய காலம் அது. எனினும், 11ஆம் நூற்றாண்டின் உடையணிந்தவர் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத்தைப் பேசுகிறாரே என எவரும் கேட்கவில்லை. இதற்கு எதிராக வில்லியம் போயல் 1881இல் ஹாம்லெட்டின் முதற்பதிப்பை எலிசபெத் காலத்து உடையில், திரைச்சீலைக் காட்சிகள் இன்றி நடித்துக் காட்டினார். நாடகம் எழுதப்பட்ட காலமே அதன் உண்மையான காலம் என்பது அவர் கொள்கை.

மூன்றாம் வழியைத் தேர்ந்தவர் பர்மிங்ஹாம் நகரின் பாரி ஜாக்சன். அவர் நிறுவிய குழு 1925இல் இலண்டனில் ஹாம்லெட்டை அக்காலத்து உடையில் நடித்துப் பெரும் வரவேற்புப் பெற்றது. அதே வழியில் 1928இல் நடித்த மாக்பெத் தோல்வியுற்றது. முதல் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. காக்கி உடுத்த தளபதிகளின் வாயில் செய்யுள் பொருந்தவில்லை என்பது பரவலான குறை. ஹாம்லெட்டுக்குப் பொருந்தியது மாக்பெத்துக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணத்தை நாடகத்தின் மொழியிலேயே தேடவேண்டும். ஹாம்லெட்டில் உரைநடை மிகுதி. உரையாடலும் வேடிக்கைப் பேச்சும் மிகுதி. மாக்பெத்தோ பெரும்பாலும் செறிந்த செய்யுள். அதன் சொற்களை நாள்தோறும் அணியும் உடைக்குள் அடக்குவது அரிது.

ஆர்சன் வெல்ஸ் 1936இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின நடிகர்களைக் கொண்டு நடத்திய மாக்பெத், ஹைட்டி தீவை நினைவூட்டும் 19ஆம் நூற்றாண்டுக் கரிபியன் தீவு ஒன்றில் நிகழ்ந்தது. கதைக்காலமும் இன்றி, எழுதிய காலமும் இன்றி, நடிக்கும் காலமும் இன்றி நான்காவதாக ஒரு காலத்தை அவர் தேர்ந்தார். 2007இல் ரூபர்ட் கூல்ட் நெறிப்படுத்திய மாக்பெத்தில் சூனியக்காரிகள் மருத்துவத் தாதியராக வந்தனர். இவ்வாறு எத்தனையோ உடைகள். ஆனால் 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில மேடை மரபு ஓர் உறுதியை மேற்கொண்டது. பகுதிகளைக் குறைக்கலாம்; சொல்லை மாற்றலாகாது என்பதே அவ்வுறுதி. டேவனன்ட் செய்ததை அதன்பின் செய்யத் துணிந்தோர் அரியர். சொல் அசையாது நின்றமையால் உடை விரும்பியவாறு அசைந்தது. ரோமியோவும் ஜூலியட்டும் கதையை 1996இல் திரைப்படமாக்கிய பாஸ் லூர்மன், இளைஞர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, வசனத்தில் வரும் வாள் என்னும் சொல்லை மாற்றாமல், அச்சொல்லைத் துப்பாக்கியின் வணிகப் பெயராகப் பொறித்துக் காட்டினார். சொல்லைக் காக்கும்பொருட்டுப் பொருள் வளைந்து கொடுத்ததற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

'தவ்' என்பதும் 'யூ' என்பதும்

சொல்லை அசைக்காததால் ஆங்கில மேடை இழந்தது ஒன்றுண்டு. 1606ஆம் ஆண்டின் ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்குத் 'தவ்', 'யூ' என இரு வடிவங்கள் இருந்தன. நெருக்கம், சினம், இகழ்ச்சி, தாழ்ந்தோரிடம் பேசுதல் ஆகியவற்றுக்கு முன்னது. மரியாதைக்கும் விலகலுக்கும் பின்னது. மாக்பெத் தம்பதியர் இவற்றை ஆளும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. மாக்பெத் மனைவிக்கு எழுதும் மடலில் 'தவ்' வடிவமே வருகின்றது. மடலைப் படித்தபின் தனித்திருந்து அவனை விளித்துப் பேசும்போது அவளும் அதனையே கையாள்கிறாள். கொலை செய்யத் தயங்கும் கணவனை அவள் தூண்டும் காட்சியில் இரு வடிவங்களும் கலந்து வருகின்றன. அவன் ஆண்மையை வினவும் கூரிய இடங்களில் 'தவ்' எழுகின்றது. கொலை நடந்து முடிந்தபின் அவள் வாயிலிருந்து அவனை நோக்கி அவ்வடிவம் வருவதே இல்லை. எல்லாம் 'யூ'. விருந்து குலைந்தபின் இருவரும் தனித்திருக்கும் வேளையிலும் மரியாதை விளியொன்றை அவள் சேர்த்துக்கொள்கிறாள். அவனோ பின்னரும் அவ்வப்போது 'தவ்' என்கிறான். குற்றத்தில் ஒன்றுபட்ட இருவர் அக்குற்றத்தாலேயே பிரிந்து செல்வதை நாடகம் ஓர் இடப்பெயரால் காட்டிவிடுகின்றது.

இன்றைய ஆங்கிலப் பார்வையாளரின் செவிக்கு இது எட்டுவதில்லை. 'தவ்' வழக்கொழிந்து, வழிபாட்டு மொழியாகவும் பழமையின் அடையாளமாகவும் நின்றுவிட்டது. கூல்டின் தாதியர் நடமாடும் மேடையிலும் சரி, கீனின் தொல்பொருள் மேடையிலும் சரி, இவ்வேறுபாடு ஒலிக்கிறது, உணரப்படுவதில்லை. இந்திய மொழிகளின் நிலை இதற்கு மாறானது. இந்தியில் தூ, தும், ஆப் என மூன்றும், வங்காளத்தில் துயி, துமி, ஆப்னி என மூன்றும், தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் பலவும் உள்ளன. இவற்றுள் எதனையும் தேராமல் ஒரு தொடரைக்கூட மொழிபெயர்க்க இயலாது. வினைமுற்றின் விகுதியும் அத்தேர்வைக் காட்டிக்கொடுக்கும். தேர்ந்த வடிவமோ உறவை மட்டும் சுட்டுவதன்று. காலத்தையும் சுட்டுகின்றது.

தமிழ்ச் சான்று ஒன்று இதனை விளக்கப் போதும். சங்கப் புலவர் வேந்தனை நீ என்றே விளித்தனர். அதில் மரியாதைக் குறைவில்லை. ஒருவரைப் பன்மையாற் கூறுவது உலக வழக்கில் உள்ள உயர்சொல் என்றே தொல்காப்பியம் கொள்கின்றது; இலக்கண முறைமையாக அதனை வகுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலனின் பிழையை அவனிடம் எடுத்துரைக்கும்போது பன்மை விகுதியால் பேசுகிறாள். பாண்டியன் அவையில் மன்னனிடம் ஒருமையால் பேசுகிறாள். கணவனுக்குப் பன்மை, அரசனுக்கு ஒருமை. பின்னாளைய மேடைத் தமிழில் அரசனிடம் ஒருமையில் பேசினால் அது கலகமாகிவிடும். ஆகவே தமிழ் மாக்பெத்தைச் சங்க காலத்து உடையில் நிறுத்தும் நெறியாளர் தம் மொழிபெயர்ப்பாளரிடம் ஒருவகை இடப்பெயர் முறையையும், நாயக்கர் காலத்து உடையில் நிறுத்துபவர் வேறொரு முறையையும், காவல்துறைச் சீருடையில் நிறுத்துபவர் மூன்றாவது முறையையும் கேட்கிறார். அவர் அறியாமலே கேட்கிறார் என்பதுதான் பெரும்பாலும் நேர்வது.

இந்திய மேடையில் இரு வழிகள்

வங்காளத்தில் ஹரலால் ராய் 1874இல் ருத்ரபால் என்னும் நாடகத்தை இயற்றினார். மாக்பெத்தின் கதை, மாந்தரும் நாடும் இந்தியர்க்குரியன. கன்னடத்தில் ஸ்ரீகண்டேச கௌடர் பிரதாப ருத்ர தேவ என்னும் பெயரில் இக்கதையைத் தந்தார். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் எனவும், சிம்பலினைச் சிம்மளநாதன் எனவும், மாக்பெத்தை மகபதி எனவும் ஆக்கினார். மூலப் பெயரின் ஒலி செவியில் நிற்கவேண்டும்; ஆயினும் பெயர் வடமொழி மரபில் அரசகுமாரனுக்கு உரியதாக ஒலிக்கவேண்டும். பெயர்த்தல் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் கொண்டவர் அவர்.

இத்தழுவல்களில் கதை நிகழ்வது எந்த நூற்றாண்டு? விடை கிடையாது. அக்காலத்து நாடகக் குழுக்களிடம் அரண்மனை, வீதி, நந்தவனம், காடு எனத் தீட்டப்பட்ட திரைகள் இருந்தன. எந்தக் கதையாயினும் அத்திரைகளுக்கு முன்னேதான் நிகழ்ந்தாகவேண்டும். அரிச்சந்திரனுக்கு விரித்த காடே மகபதிக்கும் காடு. காலம் குறிக்கப்படாத ஓர் 'அரசர் காலம்' அங்கு உருவாயிற்று. அதற்கெனச் சுவாமி, பிராணநாதா, மகாராஜா என்னும் விளிகளும், வடசொல் மிகுந்த ஓர் உரைநடையும் அமைந்தன. இதனை வரலாற்று உணர்வின் குறைபாடு எனக் கூறுவது வழக்கம். உடையும் உரையும் முரணின்றி ஒன்றிய மேடை அதுவே என்பதையும் கூறவேண்டும். ஆனால் அம்மேடையில் சீமாட்டி மாக்பெத்தின் வாய்க்குக் கிடைத்த விளி ஒன்றே. தூண்டும்போதும் பிராணநாதா, பிரிந்தபின்னும் பிராணநாதா என்று பேசும் மனைவியிடம் மூலத்தின் இடப்பெயர் நாடகம் நிகழ இடமில்லை.

மற்றொரு வழியைக் கிரிஷ் சந்திர கோஷ் கையாண்டார். கல்கத்தாவின் மினர்வா அரங்கம் 1893 ஜனவரி 28 அன்று அவர் மொழிபெயர்த்த மாக்பெத்துடன் தொடங்கியது. தலைவனாக அவரும் சீமாட்டியாகத் தின்கரி தாசியும் நடித்தனர். பெயர்களை அவர் மாற்றவில்லை, நாட்டையும் மாற்றவில்லை. காட்சித் திரைகளை ஆங்கில ஓவியர் ஒருவர் தீட்டினார். உடையும் ஒப்பனையும் ஐரோப்பிய முறையில் அமைந்தன. வங்காளி ஒருவர் ஸ்காட்லாந்துப் பிரபுவாவது பொருந்தாதது போல் தோன்றினும், ஆங்கில மேடை மரபு அங்குச் செவ்வனே பின்பற்றப்பட்டிருந்ததாக ஆங்கில ஏடொன்று பாராட்டியது. வங்காளப் பார்வையாளர் சில நாட்களில் குறையத் தொடங்கினர். அரங்கம் ஆடலும் பாடலும் நிறைந்த நாடகங்களுக்குத் திரும்பியது.

தோல்விக்கு உடையே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. கோஷின் மொழிபெயர்ப்பில் மிகவும் போற்றப்பட்ட பகுதியோ சூனியக்காரிகளின் பேச்சு என்பதைக் கருதும்போது அம்முடிவு உறுதியாக நிற்பதில்லை. அப்பகுதிக்கு அவர் ஐரோப்பிய நடையைத் தேடவில்லை. மந்திரமும் வழக்காறும் கலந்த வங்காள ஒலிநயத்தை அமைத்தார். உடை ஸ்காட்லாந்தினதாக இருக்க, மொழி வங்கத்து மண்ணிலிருந்து எழுந்தது. அரசர் பேசும் பகுதிகளுக்கு அத்தகைய ஒரு மண் கிடைக்கவில்லை. சூனியக்காரிகளைக் குறிக்கும் 'வியர்ட்' என்னும் அடைமொழி பழைய ஆங்கிலத்தில் விதியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வினோதமான என்னும் இன்றைய பொருள் இந்நாடகத்துக்குப் பின் பரவியது. ஆகவே அவர்களைச் சூனியக்காரிகள் எனப் பெயர்ப்பது பாதிப் பொருளையே தருகின்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் கலிங்கத்துப்பரணியின் போர்க்களத்தில் கூழ் அடும் பேய்கள் அண்மையில் நிற்கின்றன. கொப்பரை, அதனுள் இடப்படும் பொருள்களின் வரிசை, தாளம் தவறாத சந்தம் ஆகிய மூன்றும் அங்கே ஏற்கெனவே உள்ளன. ஆனால் பரணியின் சந்தத்தை எடுத்துக்கொண்டவர் சோழர் காலத்தை மேடைக்குள் அழைத்துவிட்டார் என்பதையும் உணரவேண்டும்.

பட்டப்பெயர்களின் சிக்கல்

'தேன்' என்பது ஸ்காட்லாந்தில் நிலமும் படையும் உடைய தலைவனின் பட்டம். தமிழில் ஒலிபெயர்த்தால் இது நகைப்புக்கு இடமாகும். காடர் நாட்டுத் தேன் என்றதும் அவை சிரித்துவிடும். மொழிபெயர்த்தாக வேண்டும். வேள் என்றால் சங்க காலம். சிற்றரசன் என்றால் பாடநூல் வரலாறு. பாளையக்காரர் என்றால் நாயக்கர் காலமும் அதன் பின்னும். ஜமீன்தார் என்றால் கும்பினி ஆட்சி. காலம் சுட்டாத சொல் ஒன்றும் இல்லை. தலைவன் என்பது சுட்டாது. ஆயின் அது பட்டமே அன்று. இந்தியில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கின்றது. அங்குச் சொல்லின் பிறப்பே காலத்தைச் சுட்டும். சாமந்த் என்றால் முற்கால இந்து அரசு. ஜாகீர்தார் என்றால் முகலாயர் அவை. ஒரு சொல்லின் தேர்வு தலைப்பாகையின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகின்றது.

இதனினும் நுட்பமான இடம் நாடகத்தின் கடைசி உரையில் உள்ளது. வெற்றி பெற்ற மால்கம் தன் துணைவரான 'தேன்'களை இனி 'ஏர்ல்' என்று அழைக்கப்படுக என அறிவித்து, ஸ்காட்லாந்தில் அப்பட்டம் பெறும் முதல்வர் அவர்களே என்கிறான். நாடகமே ஒரு சொல்லைப் பழையதாக்கி மற்றொரு சொல்லைப் புதிதாக்குகின்றது. ஆங்கிலச் சொல்லொன்று ஸ்காட்லாந்துக்குள் நுழைகின்றது. மால்கம் ஆங்கிலேயர் படையுடன் வந்தவன் என்பதை மறக்கலாகாது. 1606இல், ஸ்காட்லாந்து அரசன் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்து மூன்றாண்டுகளே ஆன நிலையில், இவ்வறிவிப்பு வெறும் சடங்கன்று. மொழிபெயர்ப்பாளருக்கு இரு பட்டங்கள் தேவை; முன்னது நாட்டுக்கு உரியதாகவும் பின்னது அண்டை ஆட்சியின் வழி வந்ததாகவும் இருத்தல் வேண்டும். வேள் ஒருவன் இனி ஜாகீர்தார் எனப்படுக என்றால் பொருள் கிடைக்கும். ஆனால் இடையில் ஆயிரம் ஆண்டுகள் கழிந்துவிடும். பாளையக்காரர் ஜமீன்தார் ஆவதோ வரலாற்றில் உண்மையாகவே நிகழ்ந்தது. இந்த ஓர் இடத்தை மட்டும் நோக்கினால் தமிழ் மாக்பெத்துக்கு மிகவும் பொருந்தும் காலம் 18ஆம் நூற்றாண்டின் முடிவு என்று கூறத் தோன்றுகின்றது.

இந்தியில் இரு மாக்பெத்துகள்

ஹரிவம்சராய் பச்சன் மொழிபெயர்த்த மாக்பெத் 1957இல் வெளிவந்து மறு ஆண்டே தில்லியில் நடிக்கப்பட்டது. மூலத்தின் செய்யுளுக்குச் செய்யுள் தரவேண்டும் என்பது அவர் குறிக்கோள். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, தேசிய நாடகப் பள்ளியின் தொழில்முறைக் குழுவுக்காக 1979இல் பி. வி. காரந்த் இந்நாடகத்தை மீண்டும் எடுத்தபோது, அதற்கு இரகுவீர் சகாய் புதிய மொழிபெயர்ப்பு ஒன்றைச் செய்தார். பர்ணம் வன் என்பது அதன் பெயர். காட்டின் பெயர் ஒலியால் வந்தது. காடு என்னும் பொருள் வன் என்னும் சொல்லால் வந்தது. தலைவன் பெயரை விடுத்து நகரும் காட்டின் பெயரை நாடகத்துக்குச் சூட்டியதிலேயே ஒரு விளக்கம் அடங்கியுள்ளது.

காரந்த் கையாண்டது கரையோரக் கர்நாடகத்தின் யட்சகான அசைவும் உடையும். சகாயோ இதழாசிரியர், அன்றாடப் பேச்சின் இந்தியைக் கவிதையாக்கியவர். யட்சகானத்தில் பாகவதர் பாட, அதன் பொருளை நடிகர் தம் சொந்த உரைநடையில் மேடையிலேயே கட்டி உரைப்பர். பர்ணம் வனத்திலோ கவிஞர் எழுதி முடித்த செய்யுளை, அவ்வுரைநடைக்கெனப் பிறந்த உடலசைவுடன் கூறவேண்டியிருந்தது. உடல் ஒரு மொழியின் தாளத்திலும் நா மற்றொரு மொழியின் தாளத்திலும் இயங்குவது எளிதன்று. ஆயினும் இத்தயாரிப்பு காலச் சிக்கலைத் தாண்ட ஒரு வழி காட்டியது என்பதை மறுக்க இயலாது. யட்சகான உடை எந்த நூற்றாண்டுக்கும் உரியதன்று. அது மேடைக்கு மட்டுமே உரியது. அவ்வுடைக்குள் இருப்பவர் எக்காலத்து மொழியைப் பேசினும் பொய்யாவதில்லை. முதலியார் காலத்துத் திரைகள் தாமே அளித்த உரிமையைக் காரந்த் அறிந்து தேடிப் பெற்றார் எனலாம்.

மணிப்பூரில் லோகேந்திர அரம்பம் 1997இல் மாக்பெத்தை நீர்ப்பரப்பின்மேல் அமைத்த மேடையில் மணிப்புரி மொழியில் நிகழ்த்தியதும் இவ்வகையில் எண்ணத்தக்கது.

உடையை மாற்றாமலே நாடகத்தை இக்காலத்ததாக்குவதும் உண்டு. உத்பல் தத் வங்காளத்தில் 1954இல் நடித்த மாக்பெத், ஜதீந்திரநாத் சென்குப்தாவின் மொழிபெயர்ப்பில் அமைந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975இல் தத் மாக்பெத்தை மீண்டும் கையிலெடுத்தார். தாம் எழுதிய நாடகங்கள் தடைக்கு உள்ளாகக்கூடிய வேளையில் ஷேக்ஸ்பியரைத் தடை செய்வது அரசுக்கு எளிதன்று. கொடுங்கோலனின் நாட்டில் யார் எப்போது ஏன் காணாமற்போகின்றார் என்று கேட்க அஞ்சும் பிரபுக்களின் உரையாடலை நிகழ்காலத்ததாக்க அப்போது உடை மாற்றம் தேவைப்படவில்லை. கேட்போரே அதற்கு உடை அணிவித்துக்கொண்டனர்.

தற்கால வடிவங்களும் உறவுப் பெயர்களும்

மாக்பெத் முழுமையாக இக்கால உடை அணிந்தது இந்தியாவில் மேடையைக் காட்டிலும் திரையில்தான். விஷால் பரத்வாஜின் மக்பூல் (2003) மும்பையின் நிழலுலகில் நிகழ்கின்றது. அரசன் இடத்தில் இருக்கும் கூட்டத் தலைவனை அனைவரும் அப்பாஜி என்று அழைக்கின்றனர். ஓர் உறவுப்பெயரால் அரசக் கொலை தந்தைக் கொலையாகிவிடுகின்றது. எந்த உடையும் செய்ய இயலாத மொழிபெயர்ப்பு இது. மலையாளத்தில் ஜயராஜின் வீரம் (2017) இக்கதையை வடக்கன் பாட்டுகளின் சந்து சேகவன் மேல் ஏற்றி, வட மலபாரின் பழைய வழக்கை ஒட்டிய மொழியைப் பேசவைத்தது. திலீஷ் போத்தனின் ஜோஜி (2021) ஓர் இரப்பர்த் தோட்டக் குடும்பத்தில், இன்றைய பேச்சில், அதுவும் மிகக் குறைந்த பேச்சில் நிகழ்கின்றது. ஒரே மொழியில், நான்காண்டு இடைவெளியில், உடையும் உரையும் ஒன்றோடொன்று பொருந்திய இரு முனைகள்.

இவற்றுள் மக்பூல், ஜோஜி ஆகிய இரண்டிலும் ஒரு செய்தி பொதுவாக உள்ளது. கணவன் மனைவி இல்லை. மக்பூலில் அவள் தலைவனின் ஆசைநாயகி. ஜோஜியில் அவள் அண்ணனின் மனைவி. மணவாழ்க்கை என்னும் மையத்தை இவை மாற்றியதற்குக் கதைக் காரணங்கள் உண்டு. மொழிநோக்கில் காண்பவருக்கு வேறொன்றும் புலப்படுகின்றது. இந்தியக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் என்ன வடிவத்தால் விளித்துக்கொள்வர், அது எந்த இடத்தில் மாறும் என்னும் கடினமான வினாவை இவ்விரு படங்களும் நேர்கொள்ளவில்லை. மேடைக்கான முழு மொழிபெயர்ப்புக்கு அந்த விடுதலை இல்லை.

அவ்வினா மிகக் கூர்மையாக எழுவது சீமாட்டி உறக்கத்தில் நடக்கும் காட்சியில். எல்லாக் காலத்துத் தயாரிப்புகளும் ஏறத்தாழ ஒத்த தோற்றம் பெறும் காட்சியும் அதுவே. நாடகமே அவளுக்கு இரவு அங்கியையும் கையில் மெழுகுவத்தியையும் விதித்துவிடுகின்றது. 1785இல் சாரா சிடன்ஸ், கைகளைக் கழுவும் பாவனைக்காக அம்மெழுகுவத்தியைக் கீழே வைத்தபோது, மரபு மீறல் என்று அரங்கத்தார் அஞ்சினர். பின்வந்தோர் பலரும் அவரையே பின்பற்றினர். கீனின் 11ஆம் நூற்றாண்டாயினும், ஜாக்சனின் 20ஆம் நூற்றாண்டாயினும், கோஷின் மினர்வாவாயினும் அங்கே நிற்பது ஓர் அங்கியும் ஒரு சுடரும். காலத்தைக் காட்ட உடை அங்கு உதவுவதில்லை. எஞ்சுவது அவள் அருகில் இல்லாத கணவனிடம் பேசும் சில சிறு தொடர்கள். கையைக் கழுவச் சொல்வதும், படுக்கைக்கு அழைப்பதும். மூலத்தில் அவை 'யூ' என்னும் வடிவத்திலேயே உள்ளன. உறக்கத்திலும் அவள் கொலைக்கு முந்தைய நெருக்கத்துக்குத் திரும்பவில்லை. தமிழில் அத்தொடர்களின் வினைமுற்று கழுவு என்பதா, கழுவும் என்பதா, கழுவுங்கள் என்பதா? நீ என்று தொடங்கிய பெண் கொலைக்குப் பின் நீங்கள் என்று மாறியிருந்தால், உறக்கத்தில் அவள் எதனைச் சொல்வாள்? உடை வகுப்போர் ஒத்திகைக்கு வருமுன்னரே மொழிபெயர்ப்பாளர் இதற்கு விடை எழுதியிருக்கவேண்டும். ஒளிந்து நின்று கேட்கும் மருத்துவர் அவள் சொற்களைக் குறித்துக்கொள்கிறார். அவள் முன்பு பேசியதைத் திருப்பிச் சொல்லப் பணிப்பெண்ணோ சாட்சியில்லை என்று மறுத்துவிடுகிறாள்.